ஹாலோய் கடையில் அடித்த விண்ணப்பம்

நல்பாரி கோர்ட்டுக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக அசாமிய எழுத்து அடித்துக் கொடுப்பவர் திகந்த ஹாலோய். கீபோர்டைப் பார்க்கவே மாட்டார். அந்தக் கர்வம் இருக்கிறதே, அப்பப்பா! ஆனால் பழைய ஃபான்ட்டில்தான் அவர் விரல் ஓடும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யூனிகோடில் ஒவ்வொரு எழுத்தும் வேறு சாவிக்குப் போயிருந்தது. நாற்பத்தெட்டு வயசில் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினால் பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா? கற்றுக்கொள்ளவே இல்லை மனுஷன்.

பக்கத்துத் தெருப் பெண் ஜொனாலியின் அங்கன்வாடி வேலை விண்ணப்பத்தையும் பழைய ஃபான்ட்டிலேயே அடித்து, ஃபைலை அவள் போனுக்கு அனுப்பினார்; அவள் அதை ஆபீசுக்கு மெயிலில் அனுப்பினாள். நாலாம் நாள் அவள் ஒரு தாளோடு வந்து நின்றாள். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியுமாக ஒரே குப்பை.

"ஆபீஸ்ல இப்படித்தான் வந்துச்சாம்ணா. கடைசித் தேதியும் போயிடுச்சு."

பார்த்ததுமே ஹாலோய்க்கு விளங்கிவிட்டது. அந்த ஃபான்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இல்லை. ஆனால் பெஞ்சில் நாலு பேர் இருந்தார்களே!

"போன்ல எதையாவது தொட்டுத் தொலைச்சிருப்பே. பி.ஏ. படிச்சு என்ன புண்ணியம்?"

பெஞ்ச் சிரித்தது. ஜொனாலி அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆமாண்ணா. என் தப்புதான்."

அன்றிலிருந்து அவளைத் தெருவில் கண்டால் சந்துக்குள் புகுந்துகொண்டார். வெட்கங்கெட்ட பிழைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பிஹுப் பண்டிகைக்கு முந்தின நாள், விழா மலர் அச்சுக்காகக் கடையில் ஒரே கூட்டம். ஜொனாலி வந்து, பெரியவர்களுக்கு மரியாதையாகப் போடும் கமோசாத் துண்டை, தானே நெய்ததை, அவர் தோளில் போட்டுக் கும்பிட்டாள். ஹாலோய் குனிந்து முணுமுணுத்தார்.

"எனக்கு எதுக்கும்மா இது? உன் விண்ணப்பத்தைக் கெடுத்தவனே நான்தான்."

"தெரியும்ணா. பழைய ஃபான்ட்டுன்னு ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் உன் தப்புன்னு சொன்னே?"

"நாலு பேர் இருந்தாங்களேண்ணா. உங்களுக்கு அசிங்கமாப் போயிடும்ல?"

அவர் கன்னத்தில் அவள் அறைந்திருந்தால்கூடத் தேவலை. இப்போதும் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர் சொன்னது ஒருத்தர் காதிலும் விழவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல அவருக்கு வாய் எழவில்லை.