இணைப்பிலிருந்து முப்பதடி

சிதம்பரம் மண்டபத்தில் தங்கை மகளின் திருமண வரவேற்பு. மேடைத் துணிக்காகக் கடைசி நேரத்தில் சுவரில் ஆணி அடிப்பதைப் பார்த்ததும் எலக்ட்ரீஷியன் சபாபதி மேடைப் பக்கம் ஓடினார். அந்தச் சுவருக்குள் ஓடுவது அவர் போன வாரம் இழுத்த வயர்.

அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானே அணைக்கும் மெயின் பிரேக்கர் இருநூறு ஆம்பியர். அது காக்கும் தடித்த கேபிளில் மெல்லிய வயரை இணைத்து, முப்பதடி தள்ளிச் சமையல்கட்டில் சின்ன பிரேக்கரை வைத்திருந்தார். கிரைண்டர் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சமையல்காரர் கேட்டதற்கு இசைந்துவிட்டார். கிரைண்டர்கள் அதிகம் இழுத்தால் சின்ன பிரேக்கர் தடுக்கும். நடுவில் அந்த முப்பதடிக்குள் ஆணி பாய்ந்தால், அங்கே கசியும் மின்சாரம் சின்ன பிரேக்கர் வரை போகாது; அதற்குத் தெரியவே தெரியாது. பெரிய பிரேக்கர் அசைவதற்குள் மெல்லிய வயர் தீப்பிடித்துவிடும். இணைத்த இடத்திலேயே சின்ன பிரேக்கரை வைத்திருக்க வேண்டும்.

“மச்சான், மெயின ஆஃப் பண்றேன்.”

“மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்க! இருட்டுலயா ஒக்கார வைக்கிறது?” தங்கை கணவர் இளவரசு சீறினார். “நீ போட்ட வயர்தான?”

“நான் போட்டதாலதான் சொல்றேன்.”

மண்டபம் இருண்டது. எல்லோரும் முணுமுணுத்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் சபாபதி கடைசி ஆணியைப் பிடுங்கினார். முனையில் வயர் உறையின் சிவப்புத் துணுக்கு ஒட்டியிருந்தது.

இளவரசு அதை வாங்கிப் பார்த்தார். பிறகு டார்ச்சை வாங்கிச் சுவரை நோக்கிப் பிடித்தார்.