சந்தனம் பூசாத மொட்டை

வண்டியூர்த் தெப்பக்குளத்தின் மேல்கரையில் பூ விற்கும் தங்கப்பொண்ணுக்குத் தலைமுடிதான் விளம்பரம். இடுப்புக்குக் கீழே தொங்கும் சடையில் கூடைப் பூவிலேயே ஒரு முழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பார்க்கிற பெண்களுக்கும் ஆசை வந்துவிடும். அவள் புருஷன் சுருளி மரக்கடையில் சுமை தூக்குகிறவன். "எம் பொண்டாட்டி முடியப் போல மதுரைக்குள்ள ஒருத்திக்கு இருந்தாக் காட்டு பாப்போம்" என்று டீக்கடையில் சவால் விடுவான்.

அந்த முடிக்குள் இரண்டு வருஷமாக நெருப்பு. விடியுமுன் குளித்து, ஈரத்தோடு முடிந்து, மேலே பூவையும் செருகிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடுகிற தலை அது. முதலில் பொடுகு. பிறகு அரிப்பு. பிறகு சொறிந்த இடமெல்லாம் புண். வெந்தயம் அரைத்துத் தேய்த்தாள், எலுமிச்சம்பழம் தேய்த்துக் கண்ணீர் விட்டாள். எண்ணெய் பற்றாமல்தான் வறள்கிறது என்று யாரோ சொல்ல, வழிய வழிய எண்ணெய் வைத்தாள். அரிப்பு கூடியதுதான் மிச்சம். பூ அளக்கும்போதே ஒரு கை தானாகத் தலைக்குப் போய்விடும்.

எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை மாதத்து முகூர்த்த நாள். காண்ட்ராக்டர் வீட்டு ஜெயக்கொடி கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் கனகாம்பரம் கேட்டாள். வாங்கிய சரத்தை முகத்துக்கருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

"ஏ புள்ள, என்ன இது வெள்ள வெள்ளையா? பொடுகா? ச்சீ!"

சரம் கூடையில் வந்து விழுந்தது. பூ வாங்கப் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் அடுத்த பூக்காரியிடம் நகர்ந்தார்கள். தங்கப்பொண்ணு அழவில்லை. அந்தச் சரத்தை மட்டுமல்ல, கூடையிலிருந்த பூ முழுவதையும் குப்பையில் கொட்டினாள். நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

டாக்டரம்மா முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, "எண்ணெய நிறுத்தணும்மா. ஈரத்தலைய முடியக் கூடாது. இவ்வளவு முடிக்குள்ள களிம்பு எப்படித் தோலுக்குப் போகும்? கொஞ்சம் குறைச்சா சீக்கிரம் ஆறும்" என்றார்.

"குறைப்பானேன், எடுத்துர்றேன்" என்றாள் வீட்டுக்கு வந்து, சுருளியிடம்.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "புருஷன் இருக்கையில மொட்டையா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊருக்கா அரிக்குது? எனக்குல்ல அரிக்குது."

மறுநாள் காலையில் சவரத்தொழிலாளி மலைச்சாமியை அவனே கூட்டி வந்தான். வழியில் ஒரு யோசனையும் தோன்றியிருந்தது. "அழகருக்கு நேந்துக்கிட்டதாச் சொல்லிருவோம். சந்தனத்தப் பூசிக்க. ஒரு பய கேக்க மாட்டான்."

"அவரு எங்கிட்ட முடியே கேக்கலையே. என் அரிப்புக்கு அவரு பேர இழுப்பானேன்?"

கத்தி ஓடியது. சுருளி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மலைச்சாமி தண்ணீர் ஊற்றியபோது தங்கப்பொண்ணு கண்ணை மூடினாள். மண்டையில் காற்று நேராகப் பட்டது. அவளையறியாமல், "யாத்தே, எம்புட்டுச் சொகம்!" என்றாள்.

நெற்றியில் பெரிய குங்குமத்தோடு, முக்காடு போடாமல் போய்க் கடையில் உட்கார்ந்தாள்.

"எந்தக் கோயிலுக்குத் தங்கப்பொண்ணு?"

"கோயிலுக்கு இல்லக்கா. பொடுகு. மருந்து போடுறேன்."

சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மொட்டைத் தலைக்காரியிடம் மங்கல காரியத்துக்குப் பூ வாங்குவதா என்று ஒதுங்கியவர்களும் உண்டு. பாதிப் பூ வாடியது. "முந்தானையவாவது போட்டுக்கயேன்" என்று சுருளி கெஞ்சினான். "புண்ணு காத்தாடக் காயணும்" என்றாள்.

ஒரு சாயங்காலம், மில் வேலைக்குப் போகும் ராமக்காள் ஷிப்ட் முடிந்து வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"எனக்கும் அரிப்புத்தான். வெளிய சொல்ல வெக்கமா இருக்கு. நீ எங்கிட்டுக் காட்டுன?"

தங்கப்பொண்ணு அவளை உட்காரவைத்து முடியை விலக்கிப் பார்த்தாள். "ஒங்களுக்குப் புண்ணு இல்லக்கா, மொட்டையெல்லாம் வேணாம். அந்த டாக்டரம்மாவப் போய்ப் பாருங்க." மெதுவாகச் சொல்லவில்லை. அவள் குரல் வழக்கம்போலவே இருந்தது.

ராமக்காள் இரண்டு முழம் வாங்கிப் போனாள். மறுநாள் தன்னோடு வேலை பார்ப்பவர்களையும் கூட்டி வந்தாள். பேச்சு அரிப்பில் தொடங்கிப் பூவில் முடிந்தது. மார்கழி முடிவதற்குள் கூடை பழையபடி காலியானது. ஜெயக்கொடி மட்டும் அடுத்த கடையிலேயே வாங்கினாள். தங்கப்பொண்ணு அவளைக் கூப்பிடவுமில்லை, கண்டு முகம் திருப்பவுமில்லை.

தை மாதத் தெப்பத் திருவிழாவன்று உச்சிக்கு முன்பே பூ தீர்ந்தது. சுருளி வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான். "வா, போட்டோ எடுப்போம். கல்யாணத்துக்குத்தான் எடுக்கல."

கரையில் திருவிழாவுக்காகப் போட்டிருந்த தற்காலிக ஸ்டுடியோவில் போட்டோக்காரர் அவள் தலையைப் பார்த்தார். ஒரு விரற்கடை முடி கருகருவென்று முளைத்திருந்தது. "டோப்பா முடி இருக்கு தங்கச்சி, வச்சுக்க."

அவள் வாயைத் திறக்குமுன் சுருளி முந்திக்கொண்டான். "அதெல்லாம் வேணாம்ணே. எம் பொண்டாட்டி எப்படி இருக்காளோ அப்படியே எடுங்க."

தங்கப்பொண்ணு கழுத்தை நிமிர்த்தினாள்.

"கொஞ்சம் சிரிம்மா" என்றார் போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து.

அவள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.