பதினாறு நாள் டியூப்லைட்

மீன்தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது விளக்கை அணைக்க வேண்டும். புது மீன் விட்டபின் நாலைந்து மணி நேரம் இருட்டாகவே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய மீன் புதுசைக் கடித்துக் குதறிவிடும். மலேசியாவில், கோல சிலாங்கூரில் மீன் கடை போட்ட நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். யார் கேட்கிறார்கள்?

1986 நவம்பரில், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பாலன் அண்ணன், வீட்டு மீன்தொட்டியை வந்து பார்க்கச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். அவர் மனைவி புஷ்பவள்ளி இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தொட்டி அந்த அக்கா ஆசையாக வைத்திருந்தது. வளையல் குலுங்க, கணவரின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் என் கடைக்கு வருவார். "அண்ணன் தொலைஞ்சி போயிருவாரா அக்கா?" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பாரே தவிர விரலை விடமாட்டார்.

போய்ப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது நாளாக டியூப்லைட் இரவும் பகலும் எரிந்து, தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகிக் கிடந்தது. எல்லா மீனும் செத்து, ஒரே ஓர் ஏஞ்சல் மீன் மூலையில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் அக்காவின் படம், மாலையோடு.

"லைட்ட அடைக்கணும்ண்ணே," என்று சுவிட்சைக் காட்டினேன்.

"அடைக்காத மணி. எண்ணெ வெளக்கு வச்சேன், நான் ஆபீசுக்குப் போனா அணைஞ்சிருது. அதான் இதையே அவளுக்கு வெளக்கா வச்சிட்டேன். கரண்டு வெளக்கு அணையாதுல்ல? பதினாறு முடியற வரைக்கும் அவ வீட்டுலதான் இருப்பா. வெளிச்சம் போச்சுன்னா தெச தெரியாம எங்கயாச்சும் போயிருவா லா."

"அவங்க வளத்த மீன எல்லாம் கொன்னுட்டு எந்த மூஞ்சியோட அவங்கள அனுப்பி வைப்பீங்க?"

கேட்ட பிறகுதான் என் வாயை நானே நொந்துகொண்டேன். அவர் கலங்கிப்போய், "இரு, மொதல்ல எண்ணெ வெளக்க ஏத்திட்டு வந்துடறேன். அப்புறம் அடை," என்று சமையல்கட்டுக்குப் போனார்.

எனக்குப் பொறுமை ஏது? அவர் வருவதற்குள் அணைத்துவிட்டேன்.

மழை நாள்; சன்னல்கள் சாத்தியிருந்தன. பட்டப்பகலிலும் அறை இருண்டது. அந்த ஏஞ்சல் மீனைக் கடைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றலாம் என்று பிளாஸ்டிக் பையோடு கையைத் தண்ணீருக்குள் விட்டேன். என் சுண்டுவிரலை ஏதோ பிடித்தது.

மீனுக்கு ஏது விரல்? சில்லென்று, மெதுவாக, ஆனால் விடுவதாக இல்லை. தண்ணீருக்குள் வளையல் சத்தம் கேட்டது. மீனைத் தண்ணீரோடு பையில் அள்ளினேன். பிடியும் கூடவே வந்தது. பைக்குள்ளிருந்து கையை வெடுக்கென்று உருவியபோதுதான் விரல் விடுபட்டது; உடனே பை வாயை இறுக்கிக் கட்டினேன்.

விளக்கோடு வந்த அண்ணன் இருட்டைப் பார்த்து அப்படியே நின்றார். "அதுக்குள்ள அடைச்சிட்டியா?"

"இப்பதாண்ணே," என்று பொய் சொன்னேன். பாதித் தண்ணீரை மாற்றி, கொண்டுவந்த நாலு மீனை விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

கடையில் அந்த மீனை அதே தண்ணீரோடு தனித் தொட்டியில் விட்டேன். மறுநாளே அது தேறிவிட்டது. நான்தான் தேறவில்லை. அன்றிலிருந்து கடையில் எந்த விளக்கையும் அணைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. புதிதாக விட்ட மீன்கள் வால் கடிபட்டு மிதந்தன.

மூன்றாம் நாள் மத்தியானம் பாலன் அண்ணன் வந்தார். கண் குழி விழுந்திருந்தது.

"புது மீனெல்லாம் நல்லா ஓடுது மணி. வெளக்கும் அணையாம எரியுது. ஆனா வீட்டுல அவ இல்ல."

அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைக் கதவை இழுத்துச் சாத்தினேன். அவரை அந்தத் தொட்டியருகே கூட்டிப்போய், "தண்ணிக்குள்ள கைய விடுங்கண்ணே," என்று சொல்லி விளக்கை அணைத்தேன்.

வளையல் சத்தம் கேட்டது. அவர் தொட்டி மேல் குனிந்தார். "புஷ்பம்," என்றார்.

வெகுநேரம் கழித்துச் சொன்னேன்: "தப்பு என்னுதுண்ணே. பையில கட்டித் தந்திர்றேன். இன்னும் நாலு நாள்ல பதினாறு. வீட்டுல வச்சி நல்லபடியா அனுப்பி வைங்க."

"வேணாம்," என்றார் இருட்டிலிருந்து. "இங்கயே இருக்கட்டும். லைட்ட மட்டும் போட்டுறாத."

பதினாறாம் நாள் சொந்தக்காரர்களெல்லாம் கூடி, அக்கா இல்லாத வீட்டில் படையல் போட்டு அவரை வழியனுப்பினார்கள். பாலன் அண்ணன் எல்லோரோடும் விழுந்து கும்பிட்டுவிட்டு, திருநீறு கலையாத நெற்றியோடு நேராக என் கடைக்கு வந்து சட்டைக் கையை மடித்தார். நான் விளக்கை அணைத்தேன்.