பிந்தி விழுந்த தாளம்

கணவர் இறந்தபின் சாம்பியாவின் தலைநகர் லுசாகாவை விட்டுக் கிட்வே நகருக்கு வந்த முக்கூக்காவுக்கு அந்த ஊரில் பழக்கம் என்று யாருமில்லை. வீட்டிலிருந்தே கணினி நிரல் எழுதிப் பிழைத்தாள். அவளைத் தேடி அழைப்பவர் தேவாலயப் பாடகர் குழுவை நடத்தும் பெரியவர் கபம்ப்வே ஒருவர்தான். அதுவும் புகார் சொல்ல.

குழுவில் மேளக்காரர் இல்லாததால், திரையில் பாட்டு வரிகளைக் காட்டியபடி தாளம் தட்டும் செயலி ஒன்றை அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். அது போகப் போகப் பின்தங்கியது.

"நாங்க ஆமென் சொல்லி உக்காந்தாச்சும்மா. உங்க கம்ப்யூட்டர் இன்னும் தட்டிக்கிட்டே இருக்கு," என்பார். அப்படியே பேச்சு மழைக்கும் ஊர்க்கதைக்கும் தாவும். அவளுக்கு அன்றைய பொழுது போய்விடும்.

கோளாறு அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. செயலி எல்லா வேலைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கவனித்தது. பாட்டின் அடுத்த பக்கத்தைத் திரையில் வரைந்து முடிக்கும்வரை தாளம் காத்து நின்றது. போதாததற்கு, பிந்தி விழுந்த தட்டிலிருந்தே அடுத்த தட்டுக்கு நேரம் கணக்கிட்டது. தாமதத்தின் மேல் தாமதம் ஏறியது.

தெரிந்தும் அவள் கைவைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றே சொல்லிவந்தாள்.

ஈஸ்டர் நெருங்கியபோது அவர் குரல் இறங்கியிருந்தது. "போன ஞாயிறு நடுப்பாட்டுல நின்னுட்டோம். சனங்க சிரிச்சுட்டாங்க. வாயாலயே எண்ணிக்கிறோம், விடுங்கம்மா."

அவளுக்கு நெஞ்சு சுருக்கென்றது. அன்றே உட்கார்ந்தாள். தாளத்தைத் திரை வேலையிலிருந்து பிரித்துத் தனியே ஓடவிட்டாள். பாட்டு தொடங்கிய கணத்திலிருந்தே ஒவ்வொரு தட்டுக்கும் நேரம் குறித்தாள். ஒன்று பிந்தினாலும் அடுத்தது தன் இடத்தில் விழும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நேரத்தைத் தோராயமாகப் பார்க்கும் கணினியிடம், இதற்கு மட்டும் துல்லியம் வேண்டும் என்று கேட்டுவைத்தாள்.

நன்றி சொல்லப் பெரியவர் ஒருமுறை அழைத்தார். அதோடு சரி. ஈஸ்டர் வந்து போனது. கைபேசியைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் தனியே ந்ஷீமா என்னும் சோளக் களியைத் தின்றாள்.

ஒருநாள் சாயங்காலம் பொறுக்காமல் அவளே அழைத்தாள்.

"தாளம் சரியா விழுதா?"

"கச்சிதமா விழுதும்மா. ஏன், ஏதாவது பழுதா?"

"இல்ல. நீங்க கூப்பிடவே இல்லையேன்னு..."



"பழுது இல்லாம எதைச் சொல்லிக் கூப்பிடறது? வேலை செய்றவங்க நேரத்தைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."



"ஈஸ்டர்ல எப்படிப் பாடினீங்க?"

அவர் முதல் பாட்டிலிருந்து சொல்லத் தொடங்கினார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.