வைத்தீஸ்வரன் தலைக்குள் ஒரு விசாரணை

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் ஒரு படம். மூளையை வெட்டிக் காட்டி, பாகம் பாகமாகப் பெயர் போட்ட படம். அதற்குரிய கட்டுரை வந்து சேரவில்லை. "படம் வீணாகக் கூடாது, இதற்குப் பொருத்தமாக ஒரு மர்மக் கதை கொடும்" என்றார் பத்திரிகை ஆசிரியர். மூளைக்கு மர்மக் கதையா என்று சலித்துக்கொண்டேன். ஆனால் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு பாகமும் போலீஸ் வரிசையில் நிற்கிற ஆசாமி மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

ஆரம்பம் ஒன்று: 'கல்கத்தா கிடர்பூர் கப்பல்துறையில் ஒரு கரிய உருவம் பதுங்கிப் பதுங்கி—'

வேண்டாம். போன தொடரிலேயே பதுங்கிவிட்டது.

ஆரம்பம் இரண்டு: 1909. பட்டப்பகல். கிடர்பூரில் சரக்கு இறக்கும்போது கயிறு அறுந்து, ஒரு மரப்பெட்டி ஊசலாடி வந்து, கப்பல் கம்பெனி குமாஸ்தா வைத்தீஸ்வரனின் இடது நெற்றியில் மோதியது.

இது நிற்கட்டும்.

2

பவானிபூர் வீட்டில் அவர் கண் திறந்தபோது பக்கத்தில் மனைவி பாகீரதி இருந்தாள்.

"ஏன்னா, தண்ணி வேணுமா?"

தலையாட்டினார். உதட்டைக் கோணிக்கோணி என்னவோ சொல்லப் பார்த்தார். கடைசியில் வந்தது: "ஜொல் தாவ்."

தண்ணீர் கொடு என்பதற்குப் பெங்காலி. அந்த மட்டும் அவளுக்கும் தெரியும். அதற்குமேல் தட்டுத்தடுமாறி அவர் பேசியதெல்லாம் பெங்காலியேதான். தமிழ் மருந்துக்குக்கூட இல்லை.

அவளுடைய அண்ணா சுந்தரேசன், அதே ஊரில் பாங்கு உத்தியோகம், கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். முகம் இருண்டது.

"பாகி, எனக்கும் ஆபீஸ் பெங்காலி தெரியும். இது அந்த ரகமில்லை. தலைகாணி கேக்கறார், நெஞ்சு படபடங்கறதுங்கறார். இது வீட்டுப் பெங்காலி."

"அப்படின்னா?"

"இன்னொரு வீடு இருக்குன்னு அர்த்தம். மயக்கத்துல வெளில வந்துடுத்து. மெட்ராஸ் மெயில்ல உன்னை மாயவரத்துக்கு, அம்மாகிட்ட அனுப்பிடறேன்."

[கல்கத்தாவில் குடியேறிய நம்மவர்கள்தான் இப்படி அனுமானிக்க முடியும். வாசலுக்கு உள்ளே தமிழ், வெளியே பெங்காலி என்று கோடு போட்டு வாழ்கிறவர்கள். வெளியே இருக்கவேண்டியது உள்ளே வந்தால் நடுவில் ஒரு பெண் இருந்தே தீரவேண்டும்!]

எனக்கும் சபலம் தட்டியது. 'டாலிகஞ்சில் ஒரு ஜன்னல். அதன் பின்னால் வளையல் குலுங்க—' என்று எழுதினேன். பாகீரதி என்னை ஏறிட்டுப் பார்த்தது போலிருந்தது. பேனாவால் அடித்துவிட்டேன். ஆனால் நான் அடித்தது அவளுக்குத் தெரியாதே! டிரங்குப் பெட்டியில் புடவைகளை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"டாக்டர் வந்து பார்க்கட்டும், அண்ணா. அப்புறம் கிளம்பறேன்."

3

டாக்டர் அகோர்நாத் நந்தி வந்தார். இங்கிலீஷில் பேசினார். சுந்தரேசன் வேண்டாவெறுப்பாகத் தமிழில் சொன்னார். விசாரணை ஆரம்பமாயிற்று.

முதல் ஆசாமி சிறுமூளை. பின்மண்டைக்கு அடியில் வாசம், உடம்பு தள்ளாடாமல் காப்பது வேலை. நேராக நடக்கச் சொன்னார். நடந்தார். நிரபராதி.

அதற்கு மேலே, பெருமூளையின் பின்கோடி. பார்வை அதன் இலாகா. விரலைக் காட்டினார். வைத்தீஸ்வரன் சரியாகவே எண்ணினார், பெங்காலியில். விடுதலை.

காதுக்கு மேலே, கேட்ட பேச்சைப் புரிந்துகொள்ளும் இடம். "அந்தச் செம்பை ஜன்னல்ல வையுங்கோ" என்றாள் பாகீரதி. வைத்தார்.

"தமிழ் புரியறதே!" என்றாள்.

மூச்சையும் இதயத்தையும் நடத்துகிற முகுளத்தை விசாரிக்கவே இல்லை. ஆள் உயிரோடு இருப்பதே போதிய சாட்சியம்.

(ஞாபகத்துக்கென்று தனியாக ஓர் இடத்தையும் டாக்டர் வாயில் போட்டிருந்தேன். அந்தக் காலத்து டாக்டருக்கு அது தெரிந்திருக்காது. வெட்டியாயிற்று.)

மிச்சமிருந்தது இடது முன்மூளை. பேச்சை உருவாக்கி நாக்குக்கு அனுப்பும் இடம். பெட்டி மோதியதும் அங்கேதான்.

"வீக்கம். வற்றினால் தமிழ் திரும்பும்" என்றார் டாக்டர்.

சுந்தரேசன் விடவில்லை. "பெங்காலி மட்டும் எப்படித் தப்பித்தது?"

"அதிகம் புழங்கிய பாஷை முதலில் எழுந்து வருவதுண்டு. இவர் பெங்காலி பேசுவது யாரோடு?"

கேட்டார்கள். வைத்தீஸ்வரன் திக்கித்திக்கிச் சொன்னார். சுந்தரேசனின் முகம் சுருங்கியது.

"என்ன அண்ணா? எதுவானாலும் சொல்லிடு."

"பக்கத்து மேஜை ஹரிபத பாபுவாம். கிழவர். காலம்பரலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வயித்துவலி, மழை, மாமியார்னு ரெண்டு பேரும் பேசிண்டே இருப்பாளாம்."

"வீட்டில் தமிழ் எவ்வளவு பேசுவார்?" என்றார் டாக்டர்.

பாகீரதி யோசித்தாள். "சாதம்பார். மோரும்பார். போறும்பார்."

சொன்னவள் பொங்கிச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர். "ஹரிபத பாபுவாம்! அண்ணா, கிழவராம்!"

4

இனி முடிவு.

(அ) வீக்கம் வற்றுகிறது, தமிழ் வருகிறது, சுபம். சப்பென்றிருக்கிறது.

(ஆ) தமிழ் அப்போதே திரும்பிவிட்டது. பயத்தில் மனுஷர் மறைக்கிறார். ஏன் பயம் என்றால், பாகீரதி கட்டிலுக்கு எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்து இப்படிக் கேட்டுவிட்டாள்:

"இத்தனை வருஷமா அவர்கிட்டப் பேசினதையெல்லாம் இனிமே எங்கிட்டப் பேசணும். முதல்ல, எங்கம்மாவைப் பத்தி அந்தக் கிழவர்கிட்ட என்ன சொன்னேள்?"

சுந்தரேசன் தொண்டையைச் செருமினார். "பாகி, மெயிலுக்கு நேரமா—"

"நீ போய்க் காபி குடி, அண்ணா."

வைத்தீஸ்வரன் வாயைத் திறக்கிறார். உதடு கோணுகிறது. வரப்போவது எந்தச் சொல் என்று நான் எழுதப் போவதில்லை. தமிழோ பெங்காலியோ, உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். அவள் மணையைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லை.