நட்டின் மேல் வெள்ளைக் கோடு

விடிகிற நேரம். ஷெட்டின் சிமெண்டுத் தரை குளிரை முதுகெலும்பு வரைக்கும் ஏற்றியது. நோண்டி ஒரு கிழிந்த சாக்கை விரித்து, மூன்றாம் நம்பர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வாயில் டார்ச், கையில் ஸ்பேனர். மேலிருந்து கிரீஸ் ஒரு சொட்டு புருவத்தில் விழுந்தது. துடைக்கவில்லை. துடைத்தால் கண்ணுக்குள் போகும். நாற்பது வருஷ மெக்கானிக்குக்குக் கிரீஸ் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

நோண்டி அவருடைய பெயரல்ல. எதையும் நோண்டிப் பார்க்காமல் விடமாட்டார் என்று டிரைவர்கள் வைத்தது. கடை டீயை நம்பமாட்டார், வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவருவார். கைக்கடிகாரத்தை நம்பாமல் பக்கத்து ஆளிடம் மணி கேட்பார். அவன் சொன்னதையும் நம்பாமல் வானத்தைப் பார்ப்பார்.

அவர் நம்பிய ஒரே பொருள் வெள்ளைக் கோடு. நட்டை முறுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை, வண்டி போகலாம். உடைந்திருந்தால் நட்டு சுற்றியிருக்கிறது, வண்டி நிற்கவேண்டும்.

முன்பெல்லாம் தினமும் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டியும் பார்ப்பார். சக்கரத்தைத் தாங்கும் குண்டு மூட்டு, பால் ஜாயிண்ட், தேய்ந்திருந்தால் 'டக்' என்று சொல்லிவிடும். ஒரு வண்டிக்கு அரை மணி. முதலாளிதான் அதை நிறுத்தினார். "அதான் கோடு போட்டிருக்கியே, அப்புறம் எதுக்கு ஜாக்கி?" கோடு நட்டைத்தான் சொல்லும், தேய்ந்த குண்டைச் சொல்லாது என்று நோண்டி சொன்னார். முதலாளிக்குக் காது கேட்கவில்லை.

எல்லாம் கனரக பிக்கப் வண்டிகள். மலை மேல் குழாய் போடும் இடங்களுக்கு இரும்புக் குழாயும் டீசல் பீப்பாயும் ஏற்றிப் போகிறவை. இன்னும் ஏற்றலாம் என்று முதலாளி ஸ்பிரிங்கை உயர்த்தினார், பெரிய டயர் மாட்டினார், மூக்கில் இழுவைக் கயிறு சுற்றும் இரும்பு வின்ச் தொங்கவிட்டார். பாரம் முழுக்க முன் சஸ்பென்ஷன் தலையில். அறுபதில் போகும்போது ஒரு பள்ளம் போதும். ஸ்டியரிங் பேய் பிடித்த மாதிரி இரண்டு பக்கமும் வெட்டிவெட்டி ஆடும். டிரைவர்கள் அதற்குப் 'பேயாட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டைவிரலை வளையத்துக்கு உள்ளே விட்டால் முறியும், வெளியே வைத்துத்தான் பிடிக்கவேண்டும். அந்தக் கம்பெனியில் டிரைவரை அவன் கட்டைவிரலை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

"என்ன அத்தான், கோடு இருக்கா, ஓடிப்போச்சா?" மூன்றாம் நம்பர் டிரைவர் குனிந்து எட்டிப் பார்த்தான். நோண்டியின் மனைவிக்குத் தம்பி.

"இருக்கு மாப்ளே. ஆனா நீ ஏன் சிரிக்கிறே?"

"சிரிச்சாலும் சந்தேகமா? அக்கா எப்படித்தான் காலம் தள்ளுதோ."

கோடு நேராகத்தான் இருந்தது. வண்டி போனது.

மதியம் தகவல் வந்தது. இறக்கத்தில் பேயாட்டம். ஓரக் கல்லில் மோதி, வாய்க்காலுக்குள் மூக்கு. டிரைவருக்கு இரண்டு மணிக்கட்டும் முறிவு, விலா எலும்பில் வெடிப்பு. உயிர் இருக்கிறது.

சாயங்காலம் வண்டியைக் கட்டி இழுத்துவந்து ஷெட்டில் போட்டார்கள். நோண்டி அடியில் நுழைந்தார். அச்சைச் சட்டத்தோடு சேர்க்கும் குறுக்குக் கம்பியின் நட்டை விரலால் தொட்டார். விரலுக்கே சுற்றியது. ஆனால் கோடு நேராக இருந்தது.

நேராக மட்டுமல்ல, பளபளவென்று இருந்தது. அவருடைய பெயிண்ட் நாலு நாளில் மண் தின்று மங்கும். இதை நகத்தால் சுரண்டினார். தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் அவருடைய பழைய கோடு, உடைந்து, விலகி நின்றது.

டார்ச்சை அணைத்துவிட்டு அப்படியே படுத்திருந்தார். யார்? மேனேஜரா? ஸ்டோர்காரனா? உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்ட மனுஷன், பெயிண்டைச் சந்தேகப்பட மறந்துவிட்டார்.

"வெளிய வாய்யா." முதலாளியின் செருப்புதான் முதலில் தெரிந்தது. பிறகு ஒரு காகிதம். "இதுல ஒரு கையெழுத்துப் போடு."

நோண்டி எழுத்துக் கூட்டிப் படித்தார். வண்டி நல்ல நிலையில் இருந்ததாம். டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டியதே காரணமாம்.

"நட்டு லூஸா இருக்கு முதலாளி."

"கோடு நேரா இருக்கா, இல்லையா? அது உன் கோடுதானே? நட்டு லூஸுன்னா தப்பு உன்னோடது. இறுக்கமா இருந்துச்சுன்னா உன் மச்சினனோடது. யாரோடதுன்னு நீயே சொல்லு."

"உங்களோடதா இருக்கவே முடியாதா?"

"வயசாச்சேன்னு பொறுத்துக்கறேன். காலைல கையெழுத்து வேணும்."

நோண்டி காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். திருப்பித் தரவில்லை. பிறகு, காலையில் மச்சினன் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வர, மூன்றாம் நம்பரின் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். கண்ணாடிக் குப்பி ஒன்று அகப்பட்டது. பெண்கள் நகத்துக்குப் போடும் பாலிஷ். வெள்ளை.

ஆஸ்பத்திரியில் மச்சினன் இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு கிடந்தான். நோண்டி குப்பியை எடுத்துப் போர்வை மேல் வைத்தார்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான்தான் அத்தான்."

"ஏன்டா?"

"கோடு உடைஞ்சா வண்டி நிக்கும். வண்டி நின்னா முதலாளி டிரைவரை வீட்டுக்குப் போன்னுடுவான். நம்ம டிரைவர் நெட்டையனைப் பார்த்தீங்கல்ல. பார்ட்ஸ் வந்ததும் கூப்பிடறேன்னான், மாசம் ஒண்ணாச்சு. வண்டி செங்கல் மேல நிக்குது, அவன் தெருவுல நிக்கிறான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க வண்டியை நிறுத்திடுவீங்க." சிரிக்கப் பார்த்தான், விலா விடவில்லை. "நான் மட்டும் இல்ல அத்தான். எல்லா சீட்டுக்கு அடியிலயும் ஒரு குப்பி இருக்கு. ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிக்கிட்டதில்ல. ஆனா தெரியும்."

நோண்டிக்குக் கோபம் வரவில்லை, அதுதான் அவருக்கே சந்தேகமாக இருந்தது. முதலாளி யாரையும் பெயிண்ட் அடிக்கச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாதபடி செய்துவைத்திருந்தார்.

மறுநாள் விடியலில் ஆறு டிரைவர்களும் வந்தபோது ஷெட்டின் கதவு திறந்திருந்தது. ஆறு வண்டியும் முன்சக்கரம் அந்தரத்தில் தொங்க, ஸ்டாண்டு மேல் நின்றன. நோண்டி ராத்திரி முழுக்க ஜாக்கி அடித்த கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதல் வண்டியின் பானெட்டில் அந்தக் குப்பி.

"இது என் மச்சினனோடது. மத்தவங்களோடது எங்கே?"

டிரைவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் அளந்தார்கள்.

"என்ன நோண்டியண்ணே, யாரு சொன்னா உங்களுக்கு?" ஒண்ணாம் நம்பர் டிரைவர். "முதலாளி ஆளா ஆயிட்டீங்களா?"

"நீ என்னை நம்பவேண்டாம். நானும் உன்னை நம்பலை. சக்கரத்தை ஆட்டிப் பாரு, அதை நம்பு."

அவன் தன் வண்டியின் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தான். டக். இன்னொரு தடவை. டக். கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டு, ஒரு குப்பியை எடுத்துவந்து பானெட்டில் வைத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக. டக், குப்பி. டக், குப்பி. ஒருத்தன் வைத்தது ரத்தச் சிவப்பு.

"இது என்னடா?"

"வீட்டுக்காரியோடது. அவசரத்துல மாத்தி எடுத்துட்டேன்."

"அப்போ அவ விரல்ல வெள்ளை அடிச்சிட்டு இருக்காளா?"

சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பில்தான் முதல்முறையாக ஒருத்தன் முகத்தை ஒருத்தன் நேராகப் பார்த்தான்.

முதலாளி வந்தார். தொங்கும் பன்னிரண்டு சக்கரத்தையும் பார்த்தார்.

"இறக்குங்கடா."

"ஜாயிண்ட் மாத்துங்க, இறக்கறோம்," என்றான் ஒண்ணாம் நம்பர். "வண்டி நிக்கிற நாள்ல ஆளை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. ஆஸ்பத்திரியில கிடக்கிறவன் மேல பழி போடக்கூடாது."

"இவன் பேச்சைக் கேட்டா ஆடறீங்க? இவன் போட்ட கோட்டை நம்பித்தானே அவன் விழுந்தான்?"

"ஆமா," என்றார் நோண்டி. "என் தப்பும் இருக்கு. அதான் அழிக்கப்போறேன். கோடு இல்லேன்னா ஜாக்கி போட்டுத்தானே பார்க்கணும்." துணியைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்து ஒண்ணாம் நம்பருக்கு அடியில் நுழைந்தார். கோடு கரைந்து அவர் முழங்கை வழியாக ஒழுகியது. "மூணாம் நம்பரை யாரும் தொடாதீங்க. அது சாட்சி. உங்க காகிதமும் பத்திரமா இருக்கு முதலாளி."

முதலாளியின் குரல் இறங்கியது. "டிரைவருக்கா பஞ்சம்? வெளிய ஆள் வந்து நிக்கிறான்."

நின்றான். வாசலில் நெட்டையன். ஒரு மாசத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முதலாளி நேற்றிரவே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நோண்டி வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி அவனைப் பார்த்தார். பசித்தவனைப் பழிக்கமுடியாது. நம்பவும் முடியாது.

நெட்டையன் உள்ளே வந்தான். குப்பிகளைப் பார்த்தான். ஒண்ணாம் நம்பரின் சக்கரத்தை ஒரு கையால் அசைத்தான். டக். சட்டைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தான். மாசம் ஒன்றாகத் தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தான் போலிருக்கிறது. மற்றவற்றோடு வரிசையில் வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டான்.

"துணி இருக்கா நோண்டியண்ணே?"

"எதுக்கு?"

"இன்னும் அஞ்சு வண்டி இருக்கே. நீங்க ஒருத்தரே எவ்வளவு நேரம் துடைப்பீங்க?"

நோண்டி அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தார். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தின்னர் சொட்டுகிற துணியை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை நீட்டினார்.