பழைய பதிப்பை நீக்கவா?

ஆபீசில் இர்ஃபானுக்கு ஒரே வேலைதான். பழைய விண்டோஸில் ஓடிய மென்பொருள்களைப் புதியதில் ஏற்றுவது. ஏறாமல் அடம்பிடித்தால் ஏன் என்று பார்ப்பது. கெட்டிக்காரன் என்று எல்லாரும் சொன்னார்கள். அவனும் நம்பினான். வினை அங்கேதான் தொடங்கியது.

மாமனார் காஜாவின் லேப்டாப்பை ஊரப்பாக்கத்திலிருந்து, புது விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று ராஜகீழ்ப்பாக்கத்தில் தன் வீட்டுக்குத் தூக்கி வந்தவன் அவன்தான். காஜா இரும்புலியூரில் டயர் கடை வைத்திருந்தவர். ஜிஎஸ்டி ரோட்டு லாரிச் சத்தத்தை மீறி எதிர்ச்சாரி ஆளைக் கூப்பிடுகிற தொண்டை. அதில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன் ஒரு மென்பொருளில் தம் குரலைப் பதிந்து வைத்தார். "பசிக்குது", "பானு, கதவத் தொற" என்று பொத்தானுக்கு ஒரு பேச்சு. கடைசிப் பொத்தானில் பாங்கு. பிறந்த குழந்தையின் காதில் சொல்கிற தொழுகை அழைப்பு. மகள் மெஹர் பானுவுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. பேரப்பிள்ளைக்குத் தன் குரல்தான் கேட்க வேண்டும் என்று மனிதருக்கு அவ்வளவு ஆசை.

இப்போது பானு நிறைமாதம். புது விண்டோஸ் போட்டதும் அந்த மென்பொருள் திறக்கவில்லை. மறுபடி நிறுவப் போனால், 'பழைய பதிப்பு உள்ளது, நீக்கவா?' என்று கேட்டது. ஆபீசில் தினமும் பார்க்கிற கேள்வி. டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தாயிற்று. 'ஆம்' என்று அழுத்தினான்.

அந்தக் காலத்து மென்பொருள், பதிந்த குரல்களையெல்லாம் தன் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே போட்டு வைத்திருந்தது. போகும்போது ஃபோல்டரோடு துடைத்துக்கொண்டு போனது. பழையவை அப்படித்தான் செய்யும், ஜாக்கிரதை என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவனே இந்தப் புத்திசாலிதான்.

புதுப் பதிப்பு அழகாகத் திறந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சத்தமில்லை. மீட்கிற மென்பொருள்களை ஒன்றுவிடாமல் ஓட்டினான். கோப்புகளின் பெயர்கள் திரும்பி வந்தன. உள்ளே வெறும் இரைச்சல்.

"என்னங்க, அத்தா குரல் இருக்கா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"பாத்துட்டுதான் இருக்கேன் பானு..."

"இருக்கா?"

"இல்ல."

அவள் கத்தியிருந்தால் தேவலை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். "அத்தாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க. என்னால முடியாது."

அவனாலும் முடியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனான். அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது.

காஜா வெள்ளைத் தொப்பியும் சலவைச் சட்டையுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. லேப்டாப் எங்கே என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிக் கேட்டார்.

"போயிடுச்சு மாமா. நான்தான் அழிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் அவனையே பார்த்தார். திட்டுவதற்கும் அந்த மனிதரிடம் குரல் இல்லை. பிறகு அவர் குழந்தையைக் காட்டி, நீ சொல் என்று தலையசைத்தார்.

இர்ஃபான் குனிந்து, மகளின் வலது காதில் பாங்கு சொன்னான். நடுவில் இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. சொல்லி முடித்து நகர்ந்ததும் காஜா அதே காதருகே குனிந்தார். உதடுகள் அசைந்தன. கழுத்துத் துளையை மூடியிருந்த துணி ஒவ்வொரு மூச்சுக்கும் எழும்பி விழுந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை; நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, ஒரு வரியையும் விடாமல் கடைசிவரை சொன்னார்.